டம்ப் தன் கணக்கைத் தானே சொல்லட்டும்: நெல்லைச் சீமையில் கெர்னல் கட்டுவோருக்கும் ஏற்றுக் கையெழுத்திடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் தகவல் சேகரிக்கும் கேட்வே பெட்டிகள், ஆற்றங்கரையிலும் அணையடியிலும் நிற்கும் நீர்மட்ட அளவிகள், அவை அனுப்புவதை வாங்கி வைக்கும் நெல்லை, தென்காசி சர்வர்கள். இவற்றுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தாங்களே பேட்ச் போட்டுக் கட்டித் தரும் குழுக்களுக்கும், கட்டித் தந்ததைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் பொறியாளர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறோம்.

டம்ப் என்பது கெர்னல் விழுந்த நேரத்தில் மெமரியில் இருந்ததைக் கோப்பாக எடுத்த நகல், விஎம்கோர்இன்ஃபோ அதோடு வரும் குறிப்பு. கேட்பது ஒன்றுதான். மெமரி எப்படிப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் எண் ஒவ்வொன்றையும் கெர்னல் தன் விஎம்கோர்இன்ஃபோ குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பில் இல்லாத எண்ணை டம்ப் எடுக்கும் கருவியும் டம்பைப் படிக்கும் கருவியும் ஊகித்துக்கொள்கின்றன. பொதுவான கெர்னலுக்கு அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். நீங்கள் கை வைத்த கெர்னலுக்குப் பலிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே காற்று பாயும் மாதங்களில் காற்றாலைப் பெட்டியை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. விழுந்தால் தானே எழுந்து வேலைக்குத் திரும்ப வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது போன்ற மழையில் ஆற்றங்கரைப் பெட்டி விழுந்தால் அந்த இடத்துக்கு ஆள் போகவே வழியில்லை. இரண்டு நிலையிலும் பிற்பாடு நமக்கு மிஞ்சுவது டம்ப் ஒன்றுதான். திரையில் வந்த கடைசி வரிகளைக்கூடப் பார்த்தவர் இருக்க மாட்டார்.

டம்ப் எடுக்கும் ஏற்பாடான கேடம்ப் வேலை செய்யும் முறையை உங்களில் பலர் அறிவீர்கள். ஆனாலும் எந்தக் கட்டத்தில் எந்த எண் தேவைப்படுகிறது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூட் ஆகும்போதே கிராஷ்கெர்னல் என்ற அளவுருவில் சொன்ன அளவுக்கு மெமரி ஒதுக்கப்படுகிறது. அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று முன்கூட்டியே ஏற்றி வைக்கப்படுகிறது. முதல் கெர்னல் பேனிக் ஆனதும், அதாவது மீள முடியாத பிழையால் நின்றதும், பயாஸுக்கோ பூட்லோடருக்கோ போகாமல் நேரே இரண்டாவது கெர்னல் கிளம்புகிறது. செத்த கெர்னலின் மெமரி முழுவதும் அதற்கு ப்ராக் அடைவில் விஎம்கோர் என்ற ஈஎல்எஃப் கோப்பாகத் தெரியும். அந்தக் கோப்பின் தலைப்பில் ஒரு குறிப்பாக விஎம்கோர்இன்ஃபோ இருக்கும். வெறும் எழுத்துவரிகள்தான்: கெர்னல் பதிப்பு, பக்க அளவு, சில சிம்பல்களின் (மாறி, ஃபங்ஷன் பெயர்களின்) முகவரி, சில ஸ்ட்ரக்சர்களின் (தரவுக் கட்டமைப்புகளின்) அளவு, உறுப்புகளின் ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பது), சில எண்கள்.

இந்த எண்கள் இரண்டு இடத்தில் தேவைப்படுகின்றன. முதல் இடம் டம்பை வடிகட்டி எழுதும் மேக்டம்ப்ஃபைல் கருவி. இரண்டாவது கெர்னலுக்குள், ஆள் யாரும் இல்லாத நேரத்தில், எந்தப் பக்கத்தை எழுதுவது, எதை விடுவது என்று அது முடிவு செய்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் டம்ப் அளவு 31 என்பது ஐந்து வகைப் பக்கங்களை விடச் சொல்கிறது: பூஜ்யப் பக்கம் 1, கேஷ் பக்கம் 2, தனிப்பட்ட கேஷ் 4, யூசர் பக்கம் 8, காலிப் பக்கம் 16. எந்தப் பக்கம் எந்த வகை என்று தெரிய, ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய பேஜ் ஸ்ட்ரக்சரை அது கண்டுபிடித்துப் படிக்க வேண்டும். அதற்கு மெமரி அமைப்பு தெரிய வேண்டும். இரண்டாவது இடம், பிறகு நிதானமாக மேசையில் உட்கார்ந்து கிராஷ் கருவியிலோ டிராகனிலோ டம்பைத் திறக்கும் இடம்.

இரண்டாவது இடத்தில் எண் தப்பினால் திருத்திக்கொள்ளலாம். கிராஷ் கருவிக்கு மைனஸ் எம் விருப்பத்தில் கிமேஜ்-விஆஃப்செட், ஃபிஸ்-ஆஃப்செட், விஏபிட்ஸ்-ஆக்சுவல், மேக்ஸ்-ஃபிஸ்மெம்-பிட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கையால் கொடுத்துப் பார்க்கலாம். அரை நாள் போகும், ஆனால் டம்ப் கையில் இருக்கும். முதல் இடத்தில் தப்பினால் திருத்தவே வழியில்லை. மேக்டம்ப்ஃபைல் விட்டுவிட்ட பக்கம், பெட்டி மறுபடி பூட் ஆன நொடியில் போய்விடுகிறது. பெரும்பாலும் அது ஏதாவது பிழைச் செய்தி சொல்லி நின்றுவிடும், அது பரவாயில்லை. நிற்காமல் தப்பான கணக்கோடு முழுக்க ஓடி முடிப்பதுதான் மோசம். கோப்பு ஒழுங்காக இருக்கும், கிராஷ் திறக்கும். முக்கியமான ஒரு ஸ்ட்ரக்சரைக் கேட்கும்போது மட்டும் ‘பேஜ் எக்ஸ்க்ளூடட்’ என்று வரும். யூசர் பக்கத்துக்கு அப்படி வந்தால் இயல்பு. கெர்னல் தன் சொந்தத் தரவை வைக்கும் ஸ்லாப் பக்கத்துக்கு வந்தால் வடிகட்டிய கணக்கையே சந்தேகிக்க வேண்டும்.

இனி எந்த எண்கள் என்று பார்ப்போம். ஆர்ம்64 (64 பிட் ஆர்ம் பிராசசர்) பலகைகள்தான் நம் பக்கத்துப் பெட்டிகளில் நிறைய என்பதால் அதையே விரித்துச் சொல்கிறோம்.

வெர்ச்சுவல் முகவரியில் எத்தனை பிட் என்பது முதல் கேள்வி. 4 கேபி பக்கமும் 39 பிட்டும் என்றால், அந்த முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றும் பக்க அட்டவணை மூன்று படி. 48 பிட் என்றால் நான்கு படி. சின்னப் பலகைகளில் 39 வைப்பது வழக்கம், சர்வர்களில் 48. கருவி 39-ஐ 48 என்று எடுத்துக்கொண்டால் இல்லாத ஒரு படியில் ஏறப் பார்க்கும், அதன் பிறகு படிப்பதெல்லாம் குப்பை.

52 பிட் வந்தபோது சிக்கல் இன்னொரு படி கூடியது. 2019 நவம்பரில் வெளியான 5.4 கெர்னலில் ஆர்ம்64 கெர்னல் பகுதிக்கு 52 பிட் வெர்ச்சுவல் முகவரி வந்தது, அப்போது 64 கேபி பக்கத்தோடு மட்டும். கட்டும்போது 52 என்று தேர்ந்தெடுத்தாலும், ஓடும் பிராசசருக்கு அந்த வசதி இல்லையென்றால் கெர்னல் பூட் நேரத்தில் 48-க்கு இறங்கிவிடும். ஒரே கெர்னல் கோப்பு, ஒரு பலகையில் 52, பக்கத்துப் பலகையில் 48. குறிப்பில் இருந்த விஏ-பிட்ஸ் எண்ணோ கட்டிய நேரத்து எண். 64 கேபி பக்கத்தில் மேல்மட்ட அட்டவணை 42-ஆம் பிட்டில் தொடங்குகிறது. 52 என்றால் அதில் 1024 பதிவுகள், 48 என்றால் 64. எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது என்பதே மாறிப்போகும். அதனால்தான் 2020-இல் டிசிஆர்-இஎல்1 பதிவேட்டின் டி1எஸ்இசட் புலத்தைக் குறிப்பில் சேர்த்தார்கள். அது வன்பொருளில் உண்மையில் ஏற்றப்பட்ட மதிப்பு. 64-லிருந்து அதைக் கழித்தால் நடப்பு பிட் எண்ணிக்கை வந்துவிடும்: 25 என்றால் 39, 16 என்றால் 48, 12 என்றால் 52. அந்த மதிப்பு குறிப்பில் பதினாறடிமான எண்ணாக எழுதப்படுகிறது. 48 பிட் பெட்டியில் நீங்கள் பார்க்கப் போவது 0x10, அதாவது பதினாறு. அதைப் பத்து என்று படித்துவிட்டு 54 பிட் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அதே 5.4-இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. கெர்னல் முகவரிவெளியின் மேல்பாதியில் இருந்த லீனியர் மேப், கீழ்பாதிக்கு இடம் மாறியது. பௌதிக மெமரி முழுவதையும் வரிசையாகக் காட்டும் பகுதி அதுதான். பழைய கருவியைப் புதிய கெர்னலில் ஓட்டினால் தொடக்கப் புள்ளியே தப்பு. ஆற்று அளவுகோலில் 12 என்று படித்தால் மட்டும் போதாது, எந்தப் பூஜ்யத்திலிருந்து 12 என்பதும் தெரிய வேண்டும். பேஜ்-ஆஃப்செட்டும் ஃபிஸ்-ஆஃப்செட்டும் அந்தப் பூஜ்யங்கள். கெர்னல் இமேஜுக்குத் தனியாக கிமேஜ்-விஆஃப்செட் இருக்கிறது, அதன் முகவரிகளுக்கு அதைக் கழிக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் சிம்பல்கள் சரியாக வரும், ஸ்லாப் மட்டும் குப்பையாக வரும், அல்லது நேர்மாறாக. எது குப்பை என்று பார்த்தாலே எந்த எண் தப்பு என்று சொல்லிவிடலாம்.

செக்ஷன்-சைஸ்-பிட்ஸ் என்ற எண்ணின் கதையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் செய்யும் வேலைக்கு அது நேரே பொருந்துகிறது. ஸ்பார்ஸ்மெம் முறையில் பௌதிக மெமரி செக்ஷன்களாகப் பிரிக்கப்படுகிறது. ஆர்ம்64-இல் அந்த எண் நெடுநாள் 30, அதாவது ஒரு செக்ஷன் 1 ஜிபி. 2021-இல் ஓடும்போதே மெமரியைச் சேர்க்கும் ஹாட்பிளக் வசதிக்காக அதை 4 கேபி, 16 கேபி பக்கங்களுக்கு 27 என்றும் 64 கேபி பக்கத்துக்கு 29 என்றும் குறைத்தார்கள். கெர்னலுக்கு நல்ல மாற்றம். மேக்டம்ப்ஃபைலுக்குள்ளோ 30 என்று எழுதியிருந்தது. 4 கேபி பக்கத்தில் ஒரு செக்ஷனில் 2,62,144 பக்கம் என்று அது எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் 32,768 தான். எட்டு மடங்கு வித்தியாசம். ஒரே ஒரு மேக்ரோவை மாற்றியதன் விளைவு இது. அதற்குப் பிறகு அதே ஆண்டில் செக்ஷன்-சைஸ்-பிட்ஸும் குறிப்பில் ஏறியது. மேக்ஸ்-ஃபிஸ்மெம்-பிட்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஏறியிருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் மொத்தம் எத்தனை செக்ஷன் என்று கணக்கு வரும்.

உலகமெங்கும் பலர் பார்க்கும் கெர்னலிலேயே இப்படி நடந்தது. உங்கள் உள்ளூர்ப் பேட்ச் ஒன்று அதே மேக்ரோவையோ, பேஜ் ஸ்ட்ரக்சர்கள் வரிசையாக இருக்கும் விஎம்மெம்மேப் பகுதியின் தொடக்கத்தையோ, பக்க அட்டவணைப் படியையோ மாற்றினால் அதைக் கவனித்து மேக்டம்ப்ஃபைலைத் திருத்தித் தர வெளியில் யாரும் இல்லை. நீங்கள்தான் எண்ணை எழுத வேண்டும்.

குறிப்பில் பெயர் இருந்தும் மதிப்பு பொருள் மாறிப்போவதும் உண்டு. 4.15 கெர்னலில் செக்ஷன்களின் பட்டியலான மெம்-செக்ஷன் என்பது அரே (மதிப்புகளின் வரிசை) என்ற நிலையிலிருந்து பாயின்டர் (வேறோர் இடத்தின் முகவரியைத் தாங்கும் மாறி) என்ற நிலைக்கு மாறியது. குறிப்பில் எழுதும் மேக்ரோவோ பழையபடி முகவரியை எடுத்தது. அரே இருந்தபோது அது அரேயின் முகவரி. இப்போது பாயின்டர் இருக்கும் இடத்தின் முகவரி. கருவிகள் ஒரு படி தள்ளிப்போய்ப் படித்து விழுந்தன. 2018 தொடக்கத்தில் சிம்பல்-அரே என்ற தனி மேக்ரோவைச் சேர்த்துத்தான் அதைச் சரிசெய்தார்கள். மாறியின் வகையை மாற்றும் பேட்ச் எதுவானாலும், அந்தப் பெயர் குறிப்பில் இருக்கிறதா என்று கெர்னல் மூலத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எக்ஸ்86-64 சர்வர்களில் சங்கதி சுருக்கம்: ஃபிஸ்-பேஸ், கெர்னல்-ஆஃப்செட், ஐந்துபடி அட்டவணை ஓடுகிறதா என்ற எண், மெமரி குறியாக்கம் இருந்தால் எஸ்எம்இ மாஸ்க். இவை ஏற்கனவே குறிப்பில் உள்ளன, தொடாதிருந்தால் போதும். விர்ச்சுவல் மெஷின்களை வெளியிலிருந்து டம்ப் எடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மெஷின்களை ஓட்டும் கேமு அமைப்பில் விஎம்கோர்இன்ஃபோ சாதனத்தைச் சேர்த்து, உள்ளே இருக்கும் கெர்னலிலும் கேமு எஃப்டபிள்யூ-சிஎஃப்ஜி டிரைவரைச் சேர்த்தால்தான் குறிப்பு டம்புக்குள் வந்து சேரும். சேர்க்காவிட்டால், பூட்டுக்குப் பூட்டு கெர்னலை வேறிடத்தில் வைக்கும் கேஏஎஸ்எல்ஆர் எவ்வளவு தள்ளி வைத்தது என்பதைக் கருவி தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இனி சேர்க்கும் விதம். ஆர்க்கிடெக்சருக்கு உரிய எண்கள் ஆர்ச்-கிராஷ்-சேவ்-விஎம்கோர்இன்ஃபோ என்ற ஃபங்ஷனுக்குள் எழுதப்படுகின்றன. எண்ணுக்கு விஎம்கோர்இன்ஃபோ-நம்பர், முகவரிக்கு சிம்பல், ஸ்ட்ரக்சர் அளவுக்கு ஸ்ட்ரக்ட்-சைஸ், உறுப்பின் இடத்துக்கு ஆஃப்செட், அரே நீளத்துக்கு லெங்த். ஒரு வரி வேலைதான். ஆனால் அந்த ஒரு வரியில் தவறுவதற்கு இடம் நிறைய.

குறிப்பு பூட் நேரத்தில், சப்சிஸ் இனிட்கால் கட்டத்தில் ஒருமுறை எழுதப்படுகிறது. பேனிக் நேரத்தில் கிராஷ்-டைம் போன்ற சில்லறைதான் சேர்கிறது. ஆகவே பிற்பாடு மாறக்கூடிய மதிப்பை நம்பர் மேக்ரோவில் போட்டால் பழைய மதிப்பு அப்படியே உறைந்துவிடும். அப்படிப்பட்ட மாறிக்கு சிம்பலை ஏற்றுமதி செய்யுங்கள். கருவி அந்த முகவரிக்குப் போய் டம்பிலிருந்தே கடைசி மதிப்பைப் படித்துக்கொள்ளும். கட்டும் நேரத்து கான்ஃபிக் மதிப்பும் ஓடும் நேரத்து மதிப்பும் வேறாகக்கூடியவை என்றால் ஓடும் நேரத்து மதிப்பையே எழுதுங்கள். டி1எஸ்இசட் கதை சொல்வது அதைத்தான். ஏற்கனவே இருக்கும் பெயரின் பொருளை ஒருநாளும் மாற்றாதீர்கள். புதுப் பெயர் சேர்த்தால் பழைய கருவி அதைக் கண்டுகொள்ளாமல் போகும், கெடுதல் இல்லை. பழைய பெயருக்குப் புதுப் பொருள் கொடுத்தால் பழைய கருவி நம்பி ஏமாறும்.

குறிப்புக்கு ஒரே ஒரு பக்கம்தான் இடம். 4 கேபி பக்கமுள்ள பெட்டியில் 4096 பைட். அதற்கு மேல் எழுதினால் வெட்டப்படும், வெட்டுவது கடைசியிலிருந்து. டீபக் வசதிக்கென்று நாற்பது வரி சேர்த்த பேட்ச் ஒன்று, கடைசியில் வரும் வரிகளை வெளியே தள்ளிவிடலாம். வரம்பை மீறினால் வெட்டுகிறேன் என்று கெர்னல் லாகில் எச்சரிக்கை வரும். தேவையான எண்ணை மட்டும் எழுதுங்கள். கட்டும்போது கிடைக்கும் முழுக் கெர்னல் கோப்பான விஎம்லினக்ஸின் டீபக் தகவலிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியதைக் குறிப்பில் திணிக்க வேண்டாம், மேக்டம்ப்ஃபைலுக்கு அது இல்லாமலே ஓட முடியும் என்றால்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் பாதுகாப்பு. மெமரி அமைப்பை வெளியே சொன்னால் கேஏஎஸ்எல்ஆர் வைத்த மறைப்பு போய்விடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பதிலும் தெளிவானது. குறிப்பு கெர்னல் மெமரிக்குள் இருக்கிறது. அதை ஓடும் கெர்னலில் படிக்க, மெமரியைக் கோப்பாகக் காட்டும் ப்ராக் கேகோர் வேண்டும், அது ரூட்டுக்கு மட்டும். லாக்டவுன் என்ற கெர்னல் கட்டுப்பாட்டைக் கான்ஃபிடென்ஷியாலிட்டி நிலையில் வைத்தால் ரூட்டுக்கும் கிடையாது. சிஸ் அடைவில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பது குறிப்பின் பௌதிக முகவரியும் அளவும்தான், உள்ளடக்கம் அங்கே இல்லை. டம்ப் கோப்பைக் கையில் வைத்திருப்பவருக்கோ கெர்னலின் மெமரியே கிடைத்துவிட்டது. ஆஃப்செட் எண்ணை ஒளித்து அவரிடமிருந்து எதைக் காப்பாற்றப் போகிறோம்? தவிர, கேஏஎஸ்எல்ஆர் ஆஃப்செட் ஒவ்வொரு பூட்டுக்கும் புதிது. பேனிக் செய்தியிலேயே கெர்னல் ஆஃப்செட் என்று அது அச்சாகிறது. அது செத்த கெர்னலுடையது.

காக்க வேண்டியது டம்ப் கோப்பை. அளவு 31 கொடுத்தால் யூசர் பக்கங்கள் போய்விடும், ஆனால் கெர்னல் கீரிங்கில் உள்ள சாவி, டிஸ்க் குறியாக்கச் சாவி போன்றவை கெர்னல் பக்கங்களில் இருக்கும், டம்போடு வரும். கோப்பின் அனுமதி ரூட்டுக்கு மட்டும், 600. நெட்வொர்க்கில் அனுப்புவதாக இருந்தால் எஸ்எஸ்எச் வழியாக மட்டும். வெளியாருக்குக் கொடுக்கும் முன் மேக்டம்ப்ஃபைலின் எரேஸ் கட்டளைகளால் குறிப்பிட்ட ஸ்ட்ரக்சர் உறுப்புகளை அழிக்கலாம். அதற்கும் மெமரி அமைப்பு சரியாகத் தெரிய வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எண் தப்பான டம்பில் எது அழிந்தது, எது அழியவில்லை என்றே சொல்ல முடியாது.

இப்போது கையெழுத்திடும் அண்ணாச்சிமாருக்கும் அம்மாமாருக்கும். ஏற்புச் சோதனையில் இவற்றைச் சேர்க்கும்படி கேட்கிறோம். பூட் ஆன பெட்டியில் சிஸ் அடைவின் கெர்னல் பகுதியில் கெக்செக்-கிராஷ்-லோடட் 1 என்று இருக்க வேண்டும், கெக்செக்-கிராஷ்-சைஸ் பூஜ்யமாக இருக்கக்கூடாது. பிறகு மேக்டம்ப்ஃபைலை மெம்-யூசேஜ் விருப்பத்தோடு ப்ராக் கேகோர் மீது ஓட்டுங்கள். பெட்டியை விழவைக்காமலே அமைப்பு எண்களைச் சோதிக்கும் வழி இது. 4.19-லிருந்து கேகோரிலும் இந்தக் குறிப்பு இருப்பதால் இது எளிது. எந்த வகையில் எத்தனை பக்கம் என்று ஓர் அட்டவணை வரும். மொத்தப் பக்கத்தைப் பக்க அளவால் பெருக்கி மெம்இன்ஃபோவின் மொத்த மெமரியோடு ஒப்பிடுங்கள். ஒதுக்கிய பகுதிகளால் சிறு வித்தியாசம் வரும். பாதியோ, எட்டில் ஒன்றோ வந்தாலும், அட்டவணையே வராமல் நின்றாலும் எண் தப்பு என்று பொருள். ‘இந்தக் கெர்னல் பதிப்பு ஆதரிக்கப்படவில்லை, வேலை முழுமையடையாமல் போகலாம்’ என்று ஒரு செய்தி வரலாம். கருவி அறிந்ததைவிடக் கெர்னல் புதிது என்பது மட்டுமே அதன் பொருள். அதற்காக நிராகரிக்க வேண்டாம், கருவியைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்து உண்மையாகவே விழவைக்க வேண்டும். சிஸ்ஆர்க்யூ ட்ரிக்கரில் சி எழுத்தை எழுதினால் பேனிக் ஆகும். வந்த டம்பை, அதற்குரிய விஎம்லினக்ஸோடு, வேறெந்த விருப்பமும் கொடுக்காமல் கிராஷில் திறக்க வேண்டும். லாக், எல்லா சிபியுவின் பேக்ட்ரேஸ், கேமெம் ஐ, மாட்யூல் சிம்பல்கள், ஒரு விமாலாக் முகவரிக்கும் ஒரு லீனியர் முகவரிக்கும் விடாப் (பௌதிக முகவரியாக மாற்றிக் காட்டும் கட்டளை) ஆகிய ஐந்தும் பிழையின்றி வர வேண்டும். திறக்க மைனஸ் எம் கொடுக்க வேண்டியிருந்தால் அந்தக் கெர்னலைத் திருப்பி அனுப்புங்கள். கட்டியவருக்கு அந்த எண் தெரியும் என்பதால் அவர் மேசையில் அது திறந்துவிடும். பணகுடியில் விழுந்த பெட்டியின் டம்பை மூன்று வருடம் கழித்துத் திறப்பவருக்கு அந்த எண்ணை யார் சொல்வது?

கேஏஎஸ்எல்ஆர் இயங்கும் நிலையில்தான் சோதனை நடக்க வேண்டும். ஆர்ம்64 பலகைகளில் இதில் ஒரு கண்ணி உண்டு. விதை எண்ணை பூட்லோடர், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் சோசன் பகுதியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கெர்னல், விதை இல்லாததால் கேஏஎஸ்எல்ஆர் இல்லை என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நகராமல் ஓடும். அந்த நிலையில் ஆஃப்செட் தப்பாக ஏற்றுமதி ஆனாலும் சோதனை தேறிவிடும். பிறகு பூட்லோடரைப் புதுப்பிக்கும் நாளில், கெர்னலைத் தொடாமலே, டம்புகள் திறக்காமல் போகும். ஆகவே லாகில் அந்த வரி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு முறையாவது மறுபூட் செய்து, ஆஃப்செட் மாறியதைக் கண்ணால் பார்த்து, இரண்டு டம்பையும் திறந்து பாருங்கள். 52 பிட் கெர்னல் என்றால் அந்த வசதி உள்ள பிராசசரிலும் இல்லாததிலும் தனித்தனியாக.

டம்ப் எடுக்கும் சூழலைப் பற்றியும் கொஞ்சம். பதில் வராவிட்டால் ரீசெட் செய்யும் ஹார்ட்வேர் வாட்ச்டாக் ஓடும் பெட்டியில் இரண்டாவது கெர்னலிலும் அந்த டிரைவர் இருந்து தட்டிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் டம்ப் பாதியில் இருக்கும்போது பெட்டி ரீசெட் ஆகும், அரைகுறைக் கோப்புதான் மிஞ்சும். கிராஷ்கெர்னல் ஒதுக்கீடு போதாவிட்டால் இரண்டாவது கெர்னலே மெமரி இல்லாமல் விழும். 2 ஜிபி பலகையில் 256 எம்பி கொடுத்துத் தொடங்கி, சோதித்துக் குறையுங்கள். வடிகட்டல் தோற்றால் முழு மெமரியையும் நகலெடு என்று ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், பெட்டியின் இஎம்எம்சி சேமிப்பகத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது கெக்செக்-ஃபைல்-லோட் முறையை, அதாவது மைனஸ் எஸ் விருப்பத்தை, பயன்படுத்தினால் ஈஎல்எஃப் தலைப்பைக் கெர்னலே எழுதும், கெக்செக் கருவி ஊகிக்கும் வேலை ஒன்று குறையும். லாக் பஃபரின் அமைப்பு 5.10-இல் முழுக்க மாறியது என்பதால், அதற்கு முந்தைய மேக்டம்ப்ஃபைலோ கிராஷோ லாகைக்கூட எடுத்துத் தராது. கெர்னலோடு கருவியின் பதிப்பையும் சேர்த்தே பெட்டிக்குள் வையுங்கள்.

கடைசியாக விஎம்லினக்ஸ். இடம் மிச்சம் என்று டீபக் தகவலை அணைத்துக் கட்டுவதை விட்டுவிடுங்கள். டீபக் தகவல் பெட்டிக்குப் போவதில்லை, கட்டும் கணினியிலேயே நின்றுவிடும். சுருக்கிய டீபக் தகவல் என்ற கான்ஃபிக் தேர்வும் வேண்டாம், ஸ்ட்ரக்சர் விவரங்கள் அதில் குறைந்துவிடும். 2020-லிருந்து குறிப்பில், கட்டிய கெர்னலின் தனி அடையாளமான பில்ட்-ஐடி வருகிறது. பெட்டிக்குப் போகும் ஒவ்வொரு கெர்னலுக்கும் விஎம்லினக்ஸ், சிஸ்டம்-மேப், கான்ஃபிக், மாட்யூல்களின் டீபக் கோப்புகள், போட்ட பேட்ச்கள் ஆகியவற்றை அந்த பில்ட்-ஐடி பெயரில் ஓர் அடைவாக்கி, பெட்டியை ஏற்பவரிடம் ஒரு நகல் ஒப்படையுங்கள். அந்தக் கெர்னல் ஓடும் கடைசிப் பெட்டி கழற்றப்படும் வரை அதை வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். நீங்கள் சேர்த்த குறிப்புவரி ஒவ்வொன்றுக்கும் பெயர், பொருள், எந்த அடிமானம், எந்த ஃபங்ஷனில் எழுதப்படுகிறது என்பதைக் கெர்னலின் சொந்த விஎம்கோர்இன்ஃபோ ஆவணத்தில் உள்ள முறைப்படியே எழுதி அந்த அடைவில் வையுங்கள். பொதுக் கெர்னலுக்கும் பயன்படும் வரி என்றால் மேலே அனுப்பிவிடுங்கள், கருவிக்கான திருத்தத்தையும் சேர்த்து.

அடுத்த காற்றுக் காலத்துக்கான கெர்னல்கள் கட்டப்படும் முன்பே இவை ஏற்பு நிபந்தனைகளில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சோதனை நடத்த ஆள் வேண்டும், டம்ப் திறந்து பார்க்கக் கை வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
நெல்லை, தென்காசி வட்டாரத்தில் லினக்ஸ் பெட்டிகளையும் சர்வர்களையும் பராமரிப்போர் சிலர்